மூன்று மாதம் முடியும்வரை

நான் விஞ்ஞான ஆசிரியை. கண்டி நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குப் படிப்பிக்கிறேன். இனப்பெருக்கம் என்ற பாடம் வருடத்துக்கு ஒருமுறை வரும். பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள், ஆண் பிள்ளைகள் இல்லாத காகத்தை ஜன்னலுக்கு வெளியே தேடுவார்கள். கருத்தரித்த முதல் மூன்று மாதத்துக்குப் புத்தகம் ஒதுக்கியிருப்பது அரைப் பக்கம். கரு பதிகிறது, இதயம் துடிக்கிறது, உறுப்புகள் உருவாகின்றன, அத்தோடு சரி. நானும் பல வருடம் அந்த அரைப் பக்கத்தை ஓட்டமாக ஓட்டிவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தவள்தான். இப்போது அந்தப் பக்கம் வந்தால், சத்தமாக வாசிக்கச் சொல்லி ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறேன். அந்த மூன்று மாதத்துக்குள் என் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தேன். நாலாவது வாரம். உடம்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. மாதாமாதம் வருகிற அதே இடுப்புக் கடுப்பு, மார்பில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான். ஃபாமசியில் வாங்கிய அந்தப் பட்டியை வெளிச்சத்தில் மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கணவர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னதும் அவர் செய்த முதல் வேலை, தன் அம்மாவைக் கூப்பிட்டது.

அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவருடைய அரசாங்க வேலைக்காகப் பிலிமத்தலாவையில் வீடு எடுத்து, மாமியும் எங்களோடு இருந்தார். நான் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக நிற்கும் காம்பறாக்களில் ஒன்றில் பிறந்தவள். மாமி தன் சொந்தக்காரருக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "மருமகள் டீச்சர், கண்டிப் பக்கம்" என்பார். தோட்டம் என்ற சொல் அவர் வாயில் வராது. கெட்ட மனுஷி இல்லை. என்னைப் பற்றிப் பேசும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அன்றைக்கு மாமி என் கையைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை, மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. என்ர மகள் அஞ்சாம் கிழமையே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவள். ஒன்பதாம் கிழமை அழுதுகொண்டு வந்து நிண்டவள். நாவூறு பொல்லாதது."

"எங்கம்மாவுக்கு மட்டும் சொல்லவா மாமி?"

"உன்ர அம்மாவுக்குச் சொன்னா லயம் முழுக்கச் சொன்ன மாதிரி. அவ பாவம், வாய் நிக்காது. மூண்டு மாசம் முடியட்டும். நாங்களே கேக் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லுவம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அம்மாவுக்கு வாய் நிற்காது என்பதும் உண்மைதான். நான் ஆசிரியர் நியமனம் பெற்ற அன்று, நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னால் கொழுந்து நிறுக்கிற இடம்வரை செய்தி போயிருந்தது. சந்தோஷத்தை அம்மாவால் வைத்திருக்க முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த இரவுச் சாப்பாட்டில் மாமி தன் கையால் என் தட்டில் மீன் பொரியல் வைத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. "வடிவாச் சாப்பிடு" என்றார். அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு துண்டு மீனுக்கு நான் விலை போனேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

ஐந்தாவது வாரம் தூக்கமாக வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன். பாட இடைவேளையில் ஆசிரியர் அறை மேசையில் தலை வைத்தால், மணி அடிப்பதுகூடக் கேட்காது. "ராத்திரியெல்லாம் என்ன வேலை?" என்று சக ஆசிரியைகள் கிண்டல் செய்தார்கள். சிரித்து மழுப்பினேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கிளினிக். அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மாதம் ஒருமுறை தெல்தோட்டையிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, இரத்தம் சோதிக்கக் கொடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, பாடசாலை விடும்வரை பஸ் நிலையத்தில் காத்திருப்பார். நானும் போய்ச் சேர, ஆளுக்கொரு தேத்தண்ணி குடிப்போம். அவர் கையில் எனக்கென்று ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும். பஸ் வரும்வரை அரை மணி நேரம். எங்கள் உறவு அந்த அரை மணி நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மாதமும் கேட்கிற கேள்வியை அன்றும் கேட்டார்.

"ஏதும் விசேஷம் உண்டா, புள்ள?"

மூன்று வருடமாக "இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அன்று அதே பதில், அதே குரலில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இல்லம்மா."

வழக்கமாக, "பரவால்ல, மாதா பாத்துக்குவாங்க" என்பார். அன்று அப்படிச் சொல்லவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தார். "சரி, இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றார். என்ன பார்க்கப்போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பஸ் வந்தது, பையைத் தூக்கிக் கொடுத்தேன், ஏறிப் போய்விட்டார்.

ஆறாவது வாரம் தொடங்க மூக்கு என் பேச்சைக் கேட்காமல் போனது. பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் இத்தனை வாடை இருக்கிறது என்று அதுவரை தெரியாது. முன் சீட் பெண்ணின் தலை எண்ணெய், டிரைவர் தலைக்கு மேல் வாடிக்கிடக்கும் பூ, யாரோ மடியில் வைத்திருக்கும் கருவாடு. பேராதனைப் பாலம் வரைதான் தாக்குப்பிடிக்க முடியும். இரண்டு முறை இடையில் இறங்கி, வேலியோரமாக வாந்தியெடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். எனக்கு இடம் தர ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்த வாரக் கடைசியில் ஒரு தனியார் டாக்டரிடம் ஸ்கேன் எடுத்தோம். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி துடித்தது. நான் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து அழித்த இதயம். கணவர் என் தோளில் கை வைத்து, "பாத்தீரோ?" என்றார். பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டும் போலிருந்தது. வெளியே வந்து கைப்பேசியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

"ஆருக்கு? அம்மாவுக்கோ?" என்றார் அவர். "வேண்டாமப்பா. என்ர அம்மா மனம் நோகுவா. இன்னும் அஞ்சு கிழமைதானே."

கைப்பேசி பைக்குள் போய்விட்டது.

ஏழாவது, எட்டாவது வாரங்களைப் பற்றிச் சொல்வதென்றால் எச்சில், மூத்திரம், கோபம், வேறொன்றுமில்லை. வாய் முழுக்கச் செம்புக் காசு வைத்த மாதிரி ஒரு ருசி. ஒரு பாடம் முடிவதற்குள் இரண்டு முறை கழிப்பறைக்கு ஓட்டம். பிள்ளைகள் சிரித்தால் அழுகை வரும், அழுதால் எரிச்சல் வரும். ஃபோலிக் அமில மாத்திரையை விற்றமின் போத்தலுக்குள் போட்டு ஒளித்துக் குடித்தேன். எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கு வருகிற மிட்வைஃப் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்று விசாரித்தார். எட்டு வாரத்துக்குள் அவரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்தால் நல்லது என்பது எனக்குத் தெரியாதா? "அவ பதிஞ்சா வீட்டை வருவா, ஒழுங்கை முழுக்கத் தெரியும்" என்று மாமி முன்பே சொல்லி வைத்திருந்தார். "கேஸ்ட்ரிக், மிஸ்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஒன்பதாவது வாரம் தலைசுற்றல். அந்த வார வெள்ளியில் அடுத்த கிளினிக் வந்தது. அம்மா பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். மடியில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிய பொட்டலம். அதைப் பிரித்ததும் வெங்காய வாடை வந்து முகத்தில் அடித்தது. எழுந்து ஓடி, தூணுக்குப் பின்னால் குமட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ்ட்ரிக்மா" என்றேன், அவர் கேட்கும் முன்னமே.

"காலைல வெறும் வயித்தோட ஓடுறது. வயித்தக் காயப் போடாத புள்ள. நீ சாப்பிடணும்."

விசேஷம் உண்டா என்று அன்று கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. அம்மாவின் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. என் குமட்டலுக்குள் நான் மூழ்கிக் கிடந்ததால், கண்ணில் பட்டது மனதில் படவில்லை. இன்சுலின் என்றால் என்ன, சீனி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் போட்டு விளக்குகிறவள் நான்.

பத்தாவது வாரத்தில் கொஞ்சம் தலை நிமிர்ந்தேன். புத்தகக் கணக்கில் கரு என்ற சொல் போய், முதிர்மூலவுரு என்ற சொல் வருகிற காலம். விரல்கள் பிரிந்திருக்கும், காது மடல் வந்திருக்கும். மாமி காலண்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பென்சிலால் வட்டமிட்டார். பன்னிரண்டு வாரம் முடிகிற நாள். கேக்குக்குக்கூடச் சொல்லியாயிற்று. அம்மா என்ன செய்வார் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். முதலில் என்னைத் திட்டுவார், பிறகு அழுவார், பிறகு செருப்புக்கூடப் போடாமல் அடுத்த காம்பறாவுக்கு ஓடுவார்.

பதினொரு வாரம் முடிந்து இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை. நாலாம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, அதிபரின் அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே என் கணவர் நின்றார். அவர் வேலை நேரத்தில் பாடசாலைக்கு வந்ததே இல்லை. முகத்தைப் பார்த்ததும் அம்மா என்று தெரிந்துவிட்டது.

காலையில் தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் விழுந்து கிடந்திருக்கிறார். கொழுந்தெடுக்கப் போனவர்கள் கண்டு தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. சீனி ஒரேயடியாக இறங்கியிருக்கிறது, மாத்திரை போட்டிருக்கிறார், ஆனால் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்களாம். ஏன் சாப்பிடவில்லை? என்னைச் சாப்பிடச் சொன்ன மனுஷி ஏன் சாப்பிடவில்லை? வேன் மலை ஏறுகிற வழியெல்லாம் கணவரிடம் இதையே கேட்டேன். அவருக்கு என்ன தெரியும்.

மாமி போனில் கணவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "செத்தவீட்டுக்குள்ள பிள்ளைத்தாச்சி போறதில்லை. வாசல்ல நிக்கட்டும். பெட்டிக்குக் கிட்டப் போக விடாத." அவர் என்னைப் பார்த்தார். "என் அம்மா" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யார் சொல்லையும் கேட்கவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் இந்தத் துணிச்சல் எங்கே போயிருந்தது?

உள்ளே போனேன். அம்மாவைப் பெட்டியில் கிடத்திக் கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். குனிந்து காதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, என்னைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்.

"மகளுக்குப் புள்ள வேணுமின்னு ஒம்பது செவ்வா நேந்தியே, என் அக்கா! ஆறாஞ் செவ்வா முடியலையே, பச்சத்தண்ணி குடிக்கலையே! ஒருசந்தி இருந்து ஒருசந்தி இருந்து பசியோட போனியே!"

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பிறகு மற்றப் பெண்கள் துண்டு துண்டாகச் சொன்னார்கள். கடைசிக்கு முந்திய கிளினிக் முடிந்து வந்த வாரமே அம்மா நேர்ச்சை வைத்துவிட்டார். ஒன்பது செவ்வாய்க்கிழமை விடியவே எழும்பி, மாத்திரையைத் தவிர வாயில் ஒன்றும் படாமல், தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிற அந்தோனியார் கோயிலுக்கு மலையேறிப் போய், பூசை கண்டு திரும்பி, அந்தி மயங்கிய பிறகுதான் சாப்பாடு. அதுதான் ஒருசந்தி. சீனி வருத்தக்காரி இப்படிச் செய்யக்கூடாது என்று சின்னம்மா சண்டை பிடித்திருக்கிறார். "மாத்திரையத்தான் போடுறேனே" என்றாராம் அம்மா. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவள் யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நேர்ச்சையை மட்டும் எனக்குச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். வாய் நிற்காத மனுஷி ஆறு வாரம் வாயைக் கட்டியிருந்திருக்கிறார்.

ஐந்து வாரமும் ஐந்து நாளும் ஆகியிருந்தபோது "இல்லம்மா" என்றேன். அதற்கடுத்த செவ்வாய் முதல் ஒருசந்தி. அம்மா எதைக் கேட்டு மலையேறினாரோ, அது ஒவ்வொரு செவ்வாயும் என் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கு இதயம் துடித்தது. ஒரு செவ்வாய்க்கு விரல் பிரிந்தது. அவர் விழுந்த செவ்வாய்க்கு நகம் முளைக்கத் தொடங்கியிருக்கும். நான் ஆமாம் என்றிருந்தால் அவர் அந்தப் பாதையில் ஒரு நாளும் நடந்திருக்க மாட்டார்.

அடக்கம் முடிந்து பிலிமத்தலாவைக்கு வந்ததும், மாமி மஞ்சள் தண்ணீர் வைத்துக் குளிக்கச் சொன்னார். குளித்தேன். குமட்டல் நின்றிருந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் பசி வரும் என்பார்கள். வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு அழுது அழுது சாப்பிட்டேன். வட்டமிட்ட ஞாயிற்றுக்கிழமையும் வந்து போனது. கேக்கை யார் போய் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

முப்பதாம் நாள் பூசைக்குத் தோட்டத்துக்குப் போனோம். மாமியும் வந்திருந்தார். அப்போது எனக்குப் பதினைந்து வாரம் தாண்டியிருந்தது. சேலையைத் தளர்த்திக் கட்டியிருந்தேன். பூசை முடிந்து லயத்து வாசலில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த நேரம், மாமிதான் பேச்சை எடுத்தார். "இனிச் சொல்லலாம், பிள்ளை" என்றார் மெதுவாக.

சின்னம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"கேட்டீங்களா எல்லாரும்! அக்காவோட ஒருசந்தி வீண் போகல! உசுரக் குடுத்து வாங்கிக் குடுத்திட்டுப் போயிருக்கா!"

பெண்கள் ஓடி வந்தார்கள். அழுதார்கள், சிரித்தார்கள், சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு மாதமாக அந்த வாசலில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

"எத்தன மாசம் தாயி?" என்றார் சின்னம்மா.

நான் கணக்கில் பிழை விடுகிறவள் இல்லை. பதினைந்திலிருந்து, ஒருசந்திக்கு முந்திய ஆறைக் கழித்தேன்.

"ரெண்டு மாசம், சின்னம்மா. ஒம்பது வாரம்."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி அவரை முந்திக்கொண்டார். "ஓம், ரெண்டு மாசம்தான்" என்றார். மூன்று மாதம் முடியும் முன் வாயே திறக்கக்கூடாது என்று சட்டம் போட்ட அதே மாமி. என்னைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதைப் பற்றி இன்றுவரை மாமியும் நானும் கதைத்ததில்லை.

மகள் உரிய நாளில், மூன்று கிலோவுக்கு மேல் நிறையோடு பிறந்தாள். தோட்டத்துக் கணக்குப்படி ஆறு வாரம் முந்திப் பிறந்தவள். "மாசம் பத்தாத புள்ளயா இது? எல்லாம் அக்காவோட நேர்ச்சை" என்று சின்னம்மா தூக்கிக் கொஞ்சினார். சரி என்றேன்.

இப்போது அவளுக்கு நாலு வயது. தோட்டத்துக்குப் போனால் பெண்கள் அவள் தலையில் கை வைத்து, அம்மாச்சி பட்டினி கிடந்து வாங்கிக் கொடுத்த பிள்ளை என்பார்கள். போன மாதம் திரும்பி வருகிற பஸ்ஸில், என் மடியில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்.

"அம்மா, அம்மாச்சி எனக்காகவா சாப்பிடாம இருந்தாங்க?"

"ஆமாம்" என்றேன்.

எத்தனை சுலபமாக வந்துவிடுகிறது அந்தச் சொல், கேட்க வேண்டியவர் இல்லாமல் போன பிறகு.